கனநீர்ப் புட்டி

நாற்பதாம் நாள் துக்கத்துக்குப் போட்ட பிரியாணியை நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன், ஹசீனா. நன்றாகவே இருந்தது. கிளம்பும்போது, "அண்ணா, அவரு கணக்குல எங்கதாங்க தப்பு?" என்று கேட்டீர்கள். வாய் நிறைய வெற்றிலை, கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் காசிமும் நானும் பதினோரு வருடம் ஒரே கல்லூரியில் இயற்பியல் நடத்தினோம். மதியம் ஒரே மேஜையில் சாப்பாடு. என் ஜோக்குக்குத் தருமபுரியிலேயே சிரித்த ஒரே ஆள் அவன்.

சோப்புக் கரைசல் ஓடும்போது உள்ளே இருக்கும் நுண்ணிய இழைகள் ஓட்டத்தின் பக்கம் திரும்பும் என்பது அவன் கணக்கு. பம்பாய் அணு உலையில் நியூட்ரான்களைப் பாய்ச்சித்தான் அதைப் பார்க்க முடியும். மூன்று வருடம் அவன் விண்ணப்பம் எழுதிப்போட்ட பிறகு, எண்பத்தாறில் அங்கே நாலு நாள் கொடுத்தார்கள். சரியாக வந்தால் பிரான்சில் வேலை. குடும்பத்தோடு போய்விடுவதாக இருந்தீர்கள்.

கரைசலைக் கனநீரில், அதாவது ஹெவி வாட்டரில், கலக்க வேண்டும். சாதாரணத் தண்ணீரில் நியூட்ரான் நாலாபக்கமும் சிதறும். மூடுபனியில் லாரி விளக்கு அடித்த மாதிரி ஒன்றும் தெரியாது. கனநீர்ப் புட்டி என் அலமாரியில் இருந்தது. அதைக் கொட்டிவிட்டு, பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி வைத்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நிறுத்தால் தெரிந்துவிடும், கனநீர் எடை கூடுதல். காசிம் உப்பைக்கூட இரண்டு தடவை நிறுப்பவன்.

"நிறுக்கலையாடா?" என்று நானே கேட்டேன்.

"நீ குடுத்ததப் போயி நிறுக்கறதா? போடா."

துணைக்குப் பம்பாய்க்கும் போனேன். நாலாம் நாள் அவன் சொன்னான்: "ஓடுது குப்பு, உள்ள ஒண்ணுமே திரும்பலை. இத்தனை வருசமும் தப்பாவே நெனச்சிருக்கேன்."

"விடுறா, சோப்புத் தண்ணிதானே. வேட்டியாவது தொவைச்சுக்கலாம்."

சிரித்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

திரும்பும்போது பொம்மிடி ஸ்டேஷனுக்கு முன்னால், காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று ரயில் கதவருகே போனான். அவனுக்கு வாங்கிய டீ ஆறிவிட்டது. கால் தவறி விழுந்ததாகப் போலீஸ் எழுதியது. சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது ஜோக்கை நானே சொல்லி நானே சிரிக்கிறேன். பியூன் பச்சியப்பன் பயப்படுகிறான்.

கணக்கில் தப்பில்லை, ஹசீனா. ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. பிரான்சு போயிருந்தால் அவனுக்கு வேறு சிநேகிதர்கள் கிடைத்திருப்பார்கள். கடைசிவரை என் ஒருவனைத்தான் நம்பினான். அதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு. உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன்.