மூஞ்சியைப் பார்த்துச் சொன்ன இடது

ரொம்ப வருசத்துக்கு முன்னாடி, கரும்பாறை மலையில ஒரு ஏரி இருக்கே, அதுல மீனுக்கும் போகாம, அக்கரைக்கும் போகாம, சும்மா சந்தோசத்துக்குப் படகு விடுற கூட்டம் ஒண்ணு இருந்ததாம். ஊர்க்காரங்களுக்கு அது பெரிய வேடிக்கை. "கிளம்பின இடத்துக்கே திரும்பி வர்றதுக்கா இத்தனை வேர்வை?"ன்னு சிரிப்பாங்களாம்.

அந்தக் கூட்டத்துக்குத் துடுப்புப் போடச் சொல்லிக்கொடுத்தவங்க பேரு செண்பகவல்லி. முப்பது வயசுகூட இருக்காதாம். ஆனா தலை நரைச்சவங்களும் அவங்களை மாஸ்டரம்மான்னுதான் கூப்பிடுவாங்களாம். அவங்ககிட்ட வந்து சேர்ந்தார் திருவேங்கடம்னு ஒரு தேயிலை வியாபாரி. கனத்த உடம்பு, பயந்த மனசு. ஆனா தண்ணி மேல அப்படி ஒரு ஆசை.

துடுப்புப் போடுறவங்க போற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரணும், இல்லையா? மாஸ்டரம்மா அவருக்கு எதிர்ல, பின்பலகையில உட்கார்ந்து வழி சொல்லுவாங்களாம்.

"இடதுன்னு சொன்னா யார் கை?"

"உங்க கைங்க."

"அப்போ நீங்க இழுக்க வேண்டியது?"

அவர் ரெண்டு கையையும் மாறி மாறிப் பார்ப்பாராம்.

"தராசுல மட்டும் எந்தத் தட்டுன்னு உங்களுக்கு மறக்காதே. நல்லாக் கேட்டுக்குங்க. படகுல உட்கார்ந்து நான் உங்க மூஞ்சியைப் பார்த்துச் சொன்னா, கையை மாத்துங்க. கரையில நின்னு உங்க முதுகைப் பார்த்துச் சொன்னா, மாத்தாதீங்க. அவ்வளவுதான்."

"தனியா எப்போ விடுவீங்க மாஸ்டரம்மா?"

"நான் சொல்றப்போ."

சொல்லவே இல்லை. அந்த மழைக்காலத்துல வந்த காய்ச்சல் அவங்களைக் கொண்டுபோயிடுச்சாம்.

காரியமெல்லாம் முடிஞ்ச ஒரு மத்தியானம், திருவேங்கடம் படகுத்துறைக்கு வந்தாராம். 'இனி யார் வந்து நமக்கு உத்தரவு தரப்போறா?'ன்னு நினைச்சுக்கிட்டு, தானே கயித்தை அவுத்தாராம்.

துறையைப் பார்த்துக்கிட்டிருந்த கருப்பையா சொன்னாராம்: "ஏரி நிறைஞ்சு கலிங்கு வழியா வழிஞ்சு விழுது சாமி. கீழே பாதாளம். அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்க."

"போகலப்பா."

நடு ஏரிக்குப் போனதும் மூடுபனி இறங்கிச்சாம். கரையைக் காணோம், மலையைக் காணோம், துடுப்பு நுனியைக் காணோம். கலிங்குல தண்ணி விழுற இரைச்சல் மட்டும் நாலு பக்கமும் கேட்குதாம். எந்தப் பக்கம் இழுக்கிறதுன்னு தெரியாம அவர் திகைச்சு நிக்கிறப்போ ஒரு குரல்.

"இடது."

மாஸ்டரம்மா குரல். கரையில நின்னு கூப்பிடுறாங்கன்னுதான் அவர் நினைச்சாராம். அவங்க செத்துப்போனது அந்த நேரம் நினைப்புக்கே வரலையாம். கையை மாத்தாம இடதை இழுத்தார். இரைச்சல் கொஞ்சம் கிட்ட வந்துச்சாம்.

"இடது."

திரும்பவும் இடதை இழுத்தார். இன்னும் கிட்ட வந்துச்சாம். தண்ணி தானாவே படகை இழுக்க ஆரம்பிச்சிடுச்சாம்.

அப்பத்தான் அவருக்கு உறைச்சது. படகு கனக்குது. அவர் முதுகுக்குப் பின்னால படகோட மூக்கு மேலே தூக்கியிருக்கு. எதிர்ல பின்பலகை தண்ணியோட அமிழ்ந்திருக்கு. ஒரு ஆள் உட்கார்ந்தா எப்படி அமிழுமோ, அப்படி.

பலகையில யாரும் இல்லை. பனிதான்.

"மாஸ்டரம்மா," பலகையைப் பார்த்துக் கேட்டாராம் அவர். "எங்கேருந்து சொல்றீங்க?"

கை நீட்டினா தொடுற தூரத்துல, மெதுவா பதில் வந்துச்சாம்.

"உங்க மூஞ்சியைப் பார்த்துத்தான்."

யோசிச்சுப் பாருங்க அவர் நிலைமையை. வலதை இழுத்தா, எதிர்ல அவங்க உட்கார்ந்திருக்காங்கன்னு ஒத்துக்கணும். இழுக்கலேன்னா கலிங்கு. அவர் கண்ணை இறுக்க மூடிக்கிட்டாராம். கையை மாத்தினாராம். அவங்க இடதுன்னா வலது, வலதுன்னா இடது. அழுதுக்கிட்டே இழுத்தாராம். இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சுதாம்.

படகு துறையில வந்து முட்டிச்சு. கயித்தைப் பிடிக்கக் குனிஞ்ச கருப்பையா அப்படியே நின்னுட்டாராம். தலையில கட்டியிருந்த துண்டை அவுத்துக் கையில வாங்கிக்கிட்டு, தணிஞ்ச குரல்ல சொன்னாராம்:

"சாமி, நீங்க இருங்க. அவங்க முதல்ல இறங்கட்டும்."

திருவேங்கடம் கண்ணைத் திறக்கலை. துடுப்பு ரெண்டையும் உள்ளே எடுத்து வச்சுட்டு, "இறங்குங்க மாஸ்டரம்மா"ன்னு சொன்னாராம். படகு ஒரு தடவை ஆடிச்சு. பின்பலகை லேசாகி மேலே வந்துச்சாம்.

என்ன பார்த்தேன்னு கருப்பையா சாகுற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லலையாம்.

இன்னைக்கும் அந்த ஏரியில தனியாப் படகு விட்டுட்டு வர்றவங்க, கரை தட்டினதும் எழுந்திருக்க மாட்டாங்க. துடுப்பை உள்ளே வச்சு, கண்ணை மூடிக்கிட்டு, "இறங்குங்க மாஸ்டரம்மா"ன்னு சொல்லிட்டு, படகு ஆடுறதுக்காகக் காத்திருப்பாங்க. ஆடின பிறகுதான் இறங்குவாங்க.

புதுசா வர்றவங்க கேட்பாங்களாம், "ஆடலேன்னா என்ன பண்றது?"ன்னு.

அது இதுவரைக்கும் யாருக்கும் தெரியாதாம்.