ஏலக்காய் மூட்டைக்குள் லேப்டாப்

போடிமெட்டு ஏறும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் அக்காளும் தங்கையும். தங்கையின் மடியில் லேப்டாப்.

“மழையில நனைஞ்சத அரிசிக்குள்ள வைக்கத்தானடி சொன்னேன்? ஏலக்கா மூட்டைக்குள்ளயா வைப்ப?” என்றாள் அக்கா.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“அதுவும் காஞ்ச சரக்குதானக்கா.”

“ரீஸ்டார்ட் பண்ணுனியா?”

“பண்ணிட்டேன். கீபோர்டும் வேலை செய்யல, டச்பேடும் வேலை செய்யல. அதான் தனி மவுஸ மாட்டி, ஸ்கிரீன்லயே கீபோர்டக் கொண்டாந்து ஒவ்வொரு எழுத்தா அமுக்குறேன்.”

“வளைவுக்கு வளைவு மவுஸு நழுவுதேடி. வீட்டுக்குப் போயி அனுப்பு.”

“அங்க டவர் கெடைக்காது. வேலைக்கு அப்ளை பண்ண இன்னைக்குத்தான் கடைசி நாள். நீ மவுஸுக்கு அடியில பலகையா கையப் பிடி.”

அக்கா உள்ளங்கையை விரித்துப் பிடிக்க, அடுத்த சில வளைவுகள் வரை தங்கை அதன்மேல் மவுஸை நகர்த்தி அமுக்கிக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சுருச்சாடி?”

“என் பேரு முடிஞ்சுருச்சுக்கா. அடுத்து அப்பா பேரு.”