நிலாக்கோட்டை வீராங்கனையின் கடைசிப் பாகம்

ஆமாக்கா, அந்தக் கொரலு நான்தான். வீடு பாக்கையில மாடியில சன்னலத் தொறந்துட்டு, காத்து நல்லா வருதேன்னு சொன்னேன் பாருங்க, அப்பவே நீங்க என்னைய ஒரு மாதிரியாப் பாத்தீங்க. கொக்கிய ஒடச்சுப்புட்டேனோன்னு நானே பயந்துட்டேன். தேனு கொரலு மாதிரியே இருக்குங்குறீங்க. மாதிரி என்னக்கா மாதிரி, தேனுவே நான்தான். நிலாக்கோட்டை வீராங்கனை. நம்ம லோக்கல் கேபிள்ல, வெள்ளிக்கிழம சாயங்காலம் ஆறரைக்கு. ரெண்டாயிரத்து ரெண்டுல போட்டது, ஆறு வருசம் ஆச்சு. இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்களே!

கடேசிப் பாகமா? ஐயையோ, பாக்கலையா? ஓ, அன்னைக்கு இங்கிட்டு டிரான்ஸ்பார்மர் வெடிச்சுப் பாதி ஊருக்குக் கரண்டு இல்லைல்ல. அப்ப ராணியும் தேனுவும் என்ன ஆனாங்கன்னே ஒங்களுக்குத் தெரியாதா? ஒங்க மக வேற கேட்டுக்கிட்டே இருந்துச்சாக்கும். அடப்பாவமே. சரி, ஒக்காருங்க, சொல்றேன். வீட்டுப் பேச்சு எங்க போகுது, அப்பறம் பேசிக்குவோம்.

ஆனா முடிவ மட்டும் சொன்னா ஒங்களுக்கு வெளங்காதுக்கா. ஏன்னா நீங்க பாத்தது ஒரு கதை, அந்தப் படத்துல இருந்தது வேற ஒரு கதை. சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

நான் அப்ப டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தேன். சாணார்பட்டிப் பக்கம் எங்க ஊரு, காலையில ஏழு மணி பஸ்ஸு புடிச்சு வருவேன். கேபிள் பக்ருதீன் பாய் தெரியும்ல? அவரு லெட்டர் டைப் அடிக்க வருவாரு. ஒருநா ஒரு பெட்டி நெறைய சிடியத் தூக்கிட்டு வந்து நிக்கிறாரு. அவரு மச்சான் சிங்கப்பூர்லருந்து கொண்டாந்ததாம். ஜப்பான் பொம்மப் படம். பேசுறது ஜப்பான் பாஷ, கீழ இங்கிலீஷ்ல எழுத்து ஓடுது. அறிவுச்செல்வி, இத நீ தமிழ்ல ஆக்கிக் குடுத்தா நம்ம கேபிள்ல போட்டுறலாம்மாங்குறாரு. எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? சரி பாய்னு தலையாட்டிட்டேன்.

அதுல நிலாவுல ஒரு கோட்டை வருது. நான் நிலாக்கோட்டைன்னு எழுதிட்டேன். எழுதையில தோணல பாருங்க. மொத வாரமே போனு. நிலக்கோட்டையிலருந்து பேசுறோம், எங்க ஊர்ல எந்த எடத்துல எடுத்தீங்க, எங்களுக்குத் தெரியவே இல்லையேங்குறாங்க. பொம்மப் படங்க, வரைஞ்சதுங்கன்னு பாய் சொன்னா, அப்ப எங்க பஸ் ஸ்டாண்டையும் வரைஞ்சு காட்டுங்கங்குறாங்க.

ரெண்டு பொம்பளைங்கதான் கதையே. ஒருத்தி வாளு சுத்துறவ, முடி நீலமா இருக்கும், அவளுக்கு ராணின்னு பேரு வச்சோம். இன்னொருத்தி பூ விக்கிறவ, மஞ்ச முடி, அது தேனு. ரெண்டு பேரும் சேந்து நிழல் அரக்கனுங்கள அடிப்பாங்க. ஒங்களுக்குத் தெரியுமே, நான் எதுக்குச் சொல்லிக்கிட்டு.

ராணிக்குக் கனத்த கொரலு வேணும். பாய்தான் லூர்தம்மாளக் கூட்டியாந்தாரு. மேட்டுப்பட்டிக்காரி. ஆட்டோவுல மைக் கட்டிக்கிட்டுப் போவாங்கள்ல, ஆடித் தள்ளுபடி, இன்றே கடைசின்னு, அந்தக் கொரலு அவ கொரலுதான். இன்றே கடைசின்னு ஒரு மாசம் சொல்லுவா. வந்த அன்னைக்கு என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு, நீதான் டீச்சரா, உருப்படியாச் சொல்லிக்குடு, எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துக்கூட வராதுன்னா. அவ பேச்சே அப்படித்தான்.

பாய் கடைக்கு மேல ஒரு சின்ன ரூமு. சத்தம் வரக்கூடாதுன்னு சன்னலுக்கு மெத்தைய முட்டுக் குடுத்து, ஃபேன அமத்திருவாங்க. ஒரே ஒரு மைக்கு. ரெண்டு பேரும் கன்னத்தோட கன்னம் ஒட்டித்தான் ஒக்காரணும். வேர்வைன்னா வேர்வை, அம்புட்டு வேர்வை! ராணி, தேனு ரெண்டு பேரு போக மீதி அம்புட்டுப் பேருக்கும் நாங்களே. நரி நானு. ராஜா அவ. ராஜாவோட ஆத்தா நானு.

எட்டாவது பாகத்துலதான் மாட்டிக்கிட்டோம். மழையில ரெண்டு பேரும் நிக்கிறாங்க. ராணி தேனு கையப் புடிச்சுக்கிட்டு என்னமோ சொல்றா. கீழ எழுத்து ஓடுது, ஐ லவ் யூன்னு. நான் நிறுத்தித் திரும்பப் போட்டுப் பாத்தேன். அதேதான். இல்லக்கா, சினேகிதமெல்லாம் இல்ல. வெக்கப்பட்டுக்கிட்டு, கன்னமெல்லாம் செவந்து... புருசன் பொண்டாட்டி கணக்கா. ரெண்டும் பொம்பளைதான், ஆமா.

பாய்கிட்டப் போய்ச் சொன்னேன். மனுசன் தலையில கைய வச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாரு. ஏம்மா, பிள்ளைக பாக்குற நேரம்மா, அக்கா தங்கச்சின்னு ஆக்கிருன்னாரு. ஆக்கிட்டேன். சின்ன வயசுல திருவிழாக் கூட்டத்துல தொலஞ்சு போனவங்கன்னு நானே ஒரு கதையக் கட்டி நரி வாயில போட்டேன். நீங்க அழுதீங்களா அதுக்கு? ஊரே அழுதுச்சுக்கா. ஒரு அம்மா மட்டும் போன் போட்டு, ஒருத்திக்கு நீல முடி, ஒருத்திக்கு மஞ்ச முடி, ஒரு வயித்துப் பிள்ளைகளாம்மான்னு கேட்டுச்சு. லூர்து போன வாங்கி, அவங்கப்பா சாயப்பட்டறையில வேல பாத்தாருங்கன்னுட்டா.

அதுக்கப்பறம் பெரும்பாடு. இளவரசன் வந்து ராணியக் கட்டிக்கிறேங்குறான், அவ தேனுவக் காட்டி மாட்டேங்குறா. நாங்க என்ன சொல்றது? தங்கச்சி கல்யாணம் முடியாம நான் பண்ணிக்க மாட்டேன்னு போட்டோம். மோதரம் மாத்திக்கிறாங்க. எங்கம்மா வச்சிட்டுப் போன மோதரம்னோம். இருவதாவது பாகத்துல முத்தமே குடுத்துக்கிறாங்க. அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுல்ல? பாய் அந்த எடத்துல பூட்டுக்கடை விளம்பரத்தச் சொருகிட்டாரு. ஆமாக்கா, அந்தப் பூட்டு விளம்பரம்தான்! ஏன் பாதியில வந்துச்சுன்னு இப்பத் தெரியுதா?

இதுல எனக்கு ஒரு சங்கடம் இருந்துச்சு. லூர்துக்கு இங்கிலீஷ் படிக்க வராதுல்ல. படத்த நிறுத்திட்டு, இவ நெசமா என்னடி சொல்றான்னு கேப்பா. தெரிஞ்சாத்தான் கொரல்ல அது வரும்பா. அப்ப நான் மொதல்ல நெசத்தச் சொல்லணும். நீ இல்லாத ஊர்ல எனக்கு விடியவே இல்லன்னு சொல்றா. ஒன் கையப் புடிச்சா வாளு கனக்குதுன்னு சொல்றா. அந்த வெக்கையில, கன்னத்தோட கன்னம் ஒட்டிக்கிட்டு, அவ காதுல நான் இதெல்லாம் சொல்லணும். அவ கண்ண மூடிக் கேட்டுக்குவா. அப்பறம் மைக்கப் போட்டு, தங்கச்சி, நல்லாச் சாப்டியாம்மான்னு வசனத்தச் சொல்லுவா. சாப்டியாங்குறதுக்கா ஊரு அப்படி அழுதுச்சுன்னு நெனைக்கிறீங்க? அவ காதுல கேட்டத மனசுல வச்சுக்கிட்டுல்ல சாப்டியான்னா.

நாளாக நாளாக எனக்குக் கொரலு குடுக்குற நாளு எப்ப வரும்னு இருக்க ஆரம்பிச்சிருச்சு. பஸ்ஸுல வரையிலயே வசனத்தச் சொல்லிப் பாத்துக்குவேன். கண்டக்டர் என்னம்மான்னுவாரு.

ஒருநா, இருவத்தி மூணாவது பாகம். இவ என்ன சொல்றான்னு லூர்து கேட்டா. நான் சொன்னேன். ராவும் பகலும் ஒன் நெனப்புத்தான், ஒன்னயப் பாக்காத நாளு நாளாவே கணக்கில்ல, எங்க வீட்டுல எனக்கு எடம் பாக்குறாங்க, எனக்குப் பயமா இருக்கு, நீ ஒரு வார்த்த சொன்னா நான் எங்கயும் போக மாட்டேன்னு. லூர்து கண்ணத் தொறந்தா. டி.வியப் பாத்தா. என்னையப் பாத்தா. ஏன்டி டீச்சரு, கீழ ரெண்டே ரெண்டு வார்த்தைதான நிக்கிது, நீ இம்புட்டு நீளமாச் சொல்றியேன்னா.

படிக்க வராது, ஆனா எண்ணத் தெரியும்ல கழுதைக்கு. நான் போய் வாசப்படியில ஒக்காந்துக்கிட்டேன். அவ செத்த நேரங் கழிச்சு வந்து, தண்ணிச் சொம்ப நீட்டி, குடி, இன்னும் மூணு பாகம் கெடக்குன்னா. அம்புட்டுத்தான் சொன்னா. அத விடுங்க, நீங்க கேட்டது கடேசிப் பாகம்ல.

கடேசிப் பாகம். தேனுவ நிலாக்கோட்டையில சிறை மாதிரி வச்சு, அங்கயே மகாராணியா முடிசூட்டி இளவரசனுக்கே கட்டி வைக்கப் பாக்குறாங்க. ராணி படியேறி வாரா. ஒடம்பெல்லாம் காயம். மேல வந்து வாளக் கீழ போட்டுட்டு ஒரு வார்த்த சொல்லணும். நான் என்னத்த எழுதுறதுன்னு பேனாவ வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். லூர்துதான் சொன்னா, கடேசி ஒருநாளாச்சும் நெசத்தச் சொல்லிருவோம்டி, இத்தன வாரமா ஊரையே ஏமாத்தியாச்சுன்னு.

அதனால இப்படிப் பேசுனோம். ராணி சொல்றா: தேனு, ஊருக்காக நம்மள அக்கா தங்கச்சின்னு சொன்னோம். நாம அது இல்ல. எனக்குக் கோட்டையும் வேணாம், வாளும் வேணாம். நீ எங்க இருக்கியோ அதான் என் வீடு. இத லூர்து ஒரே தடவையில சொன்னா, திருத்தமே இல்ல. தேனு கிரீடத்தக் கழத்தி அந்த இளவரசன் கையிலயே குடுத்துட்டு எறங்கி வந்துருவா. ஒரு ஆத்தங்கரையில சின்னதா வீடு. ரெண்டு பேரும் பூ விக்கிறாங்க. அப்பறம் வரிசையாப் படமாக் காட்டுவான், ஒவ்வொரு படத்துலயும் கொஞ்சங் கொஞ்சமா வயசாகும். கடேசியில நீல முடியும் இல்ல, மஞ்ச முடியும் இல்ல, ரெண்டு பேருக்கும் நரைச்சிருச்சு. வாசல்ல ஒக்காந்து சண்ட போட்டுக்கிட்டுப் பூத் தொடுக்குறாங்க. அம்புட்டுத்தான், முடிஞ்சிருச்சு.

நல்லாருக்குல்ல? ஆமா, எனக்கும் அந்த நரைச்ச படம்தான் ரொம்பப் புடிக்கும்.

பாயா? அவரு நம்பிக்கையில பாக்காமயே போட்டுட்டாரு. மறுநா கூப்புட்டு விட்டாரு. இன்னையோட தொலஞ்சோம்னு போனோம். பதினோரு போனு வந்துச்சாம். பத்து பேரு அடுத்த வாரம் அந்த நேரத்துக்கு என்ன போடுவீங்கன்னு கேட்டிருக்காங்க. ஒரு அம்மா மட்டும், பேரு சொல்லல, ரொம்ப சந்தோசங்கய்யான்னு சொல்லிட்டு அழுதுக்கிட்டே வச்சிருச்சாம். பாய் எங்கள மாத்தி மாத்திப் பாத்தாரு. என்னம்மா, அக்கா தங்கச்சின்னுல்ல சொன்னேன்னாரு. அவங்களே இல்லன்னு சொல்லிட்டாங்க பாய், நாம என்ன பண்றதுன்னு லூர்து சொன்னா. அவரு டீ சொல்லிட்டு, அடுத்து கரடிப் படம் ஒண்ணு இருக்கு, அதுல கல்யாண வயசுல யாருமே இல்ல, அதப் பண்ணுங்கன்னாரு. தங்கமான மனுசன்க்கா.

எங்க வீட்டுலயா... நெய்க்காரப்பட்டியில மாப்ள பேசி முடிச்சிருந்தாங்க. கடேசிப் பாகம் போட்ட ஞாயித்துக்கிழம எங்கப்பாகிட்ட, வேணாம்ப்பான்னேன். ஏன்னாரு. சொன்னேன். என்னத்த மறைக்க? அப்பாவுக்குக் கோவம் வரல, அதான் எனக்குத் தாங்கல. சட்டையப் போட்டுக்கிட்டுத் தோட்டத்துப் பக்கம் போயிட்டாரு. நான் பெட்டியோட பஸ் ஏறுற வரைக்கும் வரவே இல்ல. நாலு வருசம் பேசல. இப்ப ரெண்டு வருசமா மொச்சக்காய் சீசனுக்குப் பஸ்ஸுல ஒரு பை மட்டும் போட்டு விடுறாரு. ரெண்டு வீட்டுக்குக் காணும், அம்புட்டு அனுப்புவாரு.

இருங்க, நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். இப்ப இருக்குற வீட்ட ஏன் காலி பண்றீங்கன்னு போன்ல கேட்டீங்கள்ல, தண்ணிப் பிரச்சினைன்னேன். தண்ணியெல்லாம் நல்லாத்தான் வருது. போன மாசம் ஓட்டர் லிஸ்ட்டுக்கு எழுத வந்தாரு ஒருத்தரு. ரெண்டு பேருக்கும் அப்பா பேரு கேட்டாரு. நான் சோலைமுத்துன்னேன். உள்ளருந்து எங்க அக்கா அந்தோணின்னா. வீட்டுக்காரம்மா வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்துச்சு. ஒரு மாசம் டயம் குடுத்துருச்சு. திட்டல, ஒண்ணும் இல்ல, மூஞ்சியப் பாத்துப் பேசுறத மட்டும் நிறுத்திருச்சு.

ஆறு வருசத்துல நாலு வீடு மாறியாச்சுக்கா. எல்லா வீட்டுலயும் அதே வசனந்தான். ஒங்ககிட்டயும் போன்ல அதத்தான் சொன்னேன், நானும் எங்க அக்காவும்னு. அக்கா இல்ல அவ. லூர்துதான். அந்தா, ரோட்டுல வண்டியில சாஞ்சுக்கிட்டு நெகத்தக் கடிச்சுக்கிட்டு நிக்கிறாளே, அவதான். இங்கயும் அந்தப் பொய்யச் சொல்லிட்டு வந்துருடி, எனக்கு இன்னொரு தடவ பெட்டி கட்டத் தெம்பில்லன்னு சொல்லித்தான் அனுப்புனா. அதையே சொல்லிரலாம்னுதான் வந்தேன், நீங்க பாட்டுக்குக் கடேசிப் பாகம் என்னாச்சுன்னு கேட்டுப்புட்டீங்க.

இப்பச் சொல்லுங்கக்கா. ஒங்களுக்குச் சங்கடம்னா பரவால்ல, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன். நல்ல வீடுதான், ஆனா இந்த ஊர்ல வீடா இல்ல...

என்னக்கா, எந்திரிச்சுட்டீங்க?

வரச் சொல்லவா? நெசமாவா? ஏய் லூர்து, மேல வாடி! வண்டியப் பூட்டிட்டு வா!

ஐயோ, பாலெல்லாம் எதுக்குக்கா அடுப்புல வைக்கிறீங்க... சரி சரி, போடுங்க. ஆனா அவளுக்குச் சீனி போட்றாதீங்க, சர்க்கர இருக்குன்னு இப்பத்தான் டாக்டர் சொன்னாரு. கேட்டா போடச் சொல்லுவா, கண்டுக்காதீங்க.