இடுப்பில் போட்ட கோடு

அவர் பேசியதெல்லாம் அப்படியே நினைவில் இருக்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன். சில வார்த்தைகள் நானாகச் சேர்த்தவையாக இருக்கலாம். கதிர்வீச்சு அறைக்கு வெளியே, என் பக்கத்து நாற்காலியில், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சலவைக் கடைக்காரர். என்னைப் போலவே மலக்குடலில் புற்றுநோய்; அறுவைக்கு முன்னால் தினமும் கதிர், கூடவே கீமோ மாத்திரை. போனின் மறுமுனையில் அவர் மனைவி. அந்த அம்மாளின் குரல் எனக்குக் கேட்கவில்லை.

"ஹலோ... ஹலோ... ஆமா, நான்தான். இல்ல, இன்னும் முடியல... உள்ள கூப்பிட்டாங்க, திருப்பி அனுப்பிட்டாங்க. கத்தாத, பக்கத்துல ஆள் இருக்கு.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு... நானும் நல்லாத்தான் இருக்கேன். கோடுதான் இல்ல... அதான், கதிர் எங்க பாயணும்னு இடுப்புல பேனாவால போட்டாங்களே, அந்தக் கோடு. காணோம்... எங்க போச்சுன்னா? கோவிச்சுக்கிட்டு அது அம்மா வீட்டுக்குப் போயிருக்கும்.

"சரி, சரி, விளையாடல... வேர்வையில போயிடுச்சு. அப்படித்தான் அந்தப் பொண்ணுகிட்டயும் சொன்னேன். மிஷின்ல படுக்க வைக்குமே, நான்கூட ஹெட்மிஸ்ட்ரஸ்னு பேர் வச்சேனே... எங்க நம்புது! 'எல்லாருக்கும்தான் வேர்க்குது, உங்களுக்கு மட்டும் எப்படி சார் தும்பைப்பூ மாதிரி வெளுத்துப் போச்சு'ன்னு கேக்குது. தொழில் சுத்தம்மான்னேன். முறைக்குது.

"ஆமா... ஆமா... திரும்ப ஸ்கேன் எடுத்துத்தான் கோடு போடணுமாம். அதுவரைக்கும் கதிர் கிடையாதாம்... சந்தோஷமா? எனக்கென்ன சந்தோஷம்? குரல்ல அப்படியா தெரியுது? தண்ணி குடிச்ச பூரிப்பு. மூத்திரப்பை நிறைஞ்சிருந்தாத்தான் குடல் ஒதுங்கி நிக்குமாம். அடக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், சீக்கிரம் பேசு.

"...எந்த பாட்டில்?

"...பச்சை மூடியா? கடையில அந்த மாதிரி நிறைய இருக்கே... பாத்ரூம் ஜன்னல்லயா? அங்க எப்படி... பூனை தூக்கிட்டு வந்திருக்கும்... இல்லடி, கறை எடுக்குற ஸ்பிரிட்டை எவனாவது உடம்புல... ஹலோ? ...ஹலோ? இருக்கியா? நீ பேசாம இருந்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு. திட்டுறதுன்னா திட்டித் தொலை.

"...

"சரி. நான்தான். பஞ்சுல தொட்டுத் தேய்ச்சேன். பழக்கதோஷம்னு வச்சுக்கோயேன். மைக்கறையைப் பார்த்தா என் கை சும்மா இருக்குமா?... ஆமா, நீ நம்ப மாட்டே. என்கூட இத்தனை வருஷம் குப்பை கொட்டினவ.

"எதுக்குன்னா... ரத்தம் நின்னுடுச்சுல்ல? வலியும் இல்ல. அப்புறம் எதுக்குக் கதிர், எதுக்கு மாத்திரை? கோடு இல்லன்னா கதிர் இல்ல. கதிர் முடியலன்னா ஆபரேஷன் இல்ல. ஆபரேஷன் இல்லன்னா வயித்துல மலம் போற பை இல்ல. அவ்வளவுதான்... ஊர் அழுக்கெல்லாம் எடுக்குறவன், என் அழுக்கை நானே வயித்துல கட்டித் தொங்கவிட்டுட்டு ஆளுங்க முன்னாடி நிக்கணுமா? சொல்லு.

"...என்ன? ...இரு, இரு. மறுபடி சொல்லு.

"கட்டி சுருங்கினாத்தான் ஆசனவாயைக் காப்பாத்தப் பார்க்கலாமா? அதுக்குத்தான் அறுக்குறதுக்கு முன்னாடியே இதெல்லாமா?... பாதியில நிறுத்தினா, காலத்துக்கும் பைதானா?... யார் சொன்னது? எப்போ?... நானும் அங்கதான் இருந்தேனா? தலையை வேற ஆட்டினேனா?... எனக்கு ஒண்ணும் ஏறலடி. பைன்னு டாக்டர் சொன்னாரு. அதுக்கப்புறம் அவர் வாய் அசைஞ்சது, அது மட்டும்தான் தெரியும்.

"அப்போ பைக்குப் பயந்து, அந்தப் பையை நானே வெத்தலை பாக்கு வச்சு... ஏய், சிரிக்கிறியா? ...அழுறியா? எதுன்னு சொல்லிட்டுச் செய், ரெண்டும் ஒரே மாதிரி கேக்குது.

"மாட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட போனைக் குடுக்க மாட்டேன்... நானே சொல்றேன்... போனை வைக்காம சொல்லணுமா? நல்லா இருக்குடி உன் நியாயம்! சரி, இரு.

"அம்மா... உன்னைத்தான். வேர்வை இல்லம்மா, ஸ்பிரிட். நான்தான் தேய்ச்சேன்... இல்ல, தெரியாம இல்ல, தெரிஞ்சேதான். இன்னைக்கே ஸ்கேன் எடுக்க வழி உண்டா? எவ்வளவு நேரம்னாலும் இருக்கேன்... மத்தியானமா? இருக்கேன்... சிரிக்காதம்மா, வெளியில எனக்கு மரியாதை உண்டு.

"கேட்டுச்சா? திருப்தியா?... நீ எதுக்கு வர்றே, கடையை யார் பார்க்குறது... சரி. வா... வான்னுதான் சொல்றேன்... அந்த பாட்டிலை மட்டும் பத்திரமா எடுத்து... கொட்டிட்டியா? அடிப்பாவி, இன்னும் முக்கால்வாசி இருந்துச்சே!... விடு, விடு. இனி ஒரு வார்த்தை பேசினா இந்த நாற்காலியை நான்தான் துவைக்கணும். வை... நீ முதல்ல வை... வைடி..."

அவர் வைத்துவிட்டு ஓடினார்.

அவருக்குக் கதிர்வீச்சு முடிந்து, சில வாரங்கள் கழித்து அறுவை நடந்தது. குடலை இணைத்த உள்தையல் ஆறும்வரை பை இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். அந்த மாதங்களில் கல்லாவில் உட்கார்ந்த அவர் மனைவி இன்னமும் எழுந்திருக்கவில்லை. மிஷின் பெண் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டாள். எனக்குக் கட்டி போதிய அளவு சுருங்கவில்லை. பை நிரந்தரம். நான் வேலைக்குப் போய் வருகிறேன்.