பாதி வலி

என் கையெழுத்து அழகாக இருக்கும். விசாரணைக்காக நீங்கள் எடுத்துவைத்திருக்கும் வலிப் பதிவேட்டில் ஓர் எண்கூட அடித்துத் திருத்தப்படவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

எங்கள் வார்டின் வழக்கம் எளியது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி பத்துக்கு எத்தனை என்று நோயாளியிடம் கேட்டு, அவர் சொன்னதை எழுத வேண்டும். அந்த எண் ஏழுக்கு வந்தால் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தில் நான் அதில் ஒரு சிறிய நியாயத்தைச் சேர்த்துக்கொண்டேன். வாய் ஓயாமல் பேசுகிறவர் சொல்வதில் பாதியை எழுதுவேன். பேசத் தெம்பிருப்பவருக்கு முழு வலி எங்கிருந்து வரும்?

ஆறாம் கட்டிலில் ஒரு தையல்காரர். பித்தப்பையிலிருந்து நழுவிய கல் குழாயை அடைத்ததில் கணையம் வீங்கிச் சேர்க்கப்பட்டிருந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்பக்கமாகக் குனிந்தே உட்கார்ந்திருப்பார். அந்த நிலையிலும் என் சீருடையின் இடது தோள் அரை விரல் இறங்கியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"வலி எவ்ளோ ஐயா?"

"பத்து, சிஸ்டர். முதுகு வரைக்கும் துளைச்சிக்கிட்டுப் போகுது. இல்லேன்னா அந்தத் தோளை இப்பவே பிரிச்சுத் தச்சிருப்பேன்."

"பத்துன்னா இவ்ளோ வாய் வராது."

ஐந்து என்று எழுதினேன்.

மதியம் அவரே இறங்கிவந்தார். "சரி, எட்டுன்னு வச்சுக்குங்க. எவ்ளோ சொன்னா டாக்டர் வருவாரு?"

"இதென்ன சந்தையா, பேரம் பேச?"

பக்கத்தில் இருந்த அவர் மனைவி சிரித்தார். "அளவு விஷயத்துல இவரு பொய் சொல்ல மாட்டாரு சிஸ்டர். என் ரவிக்கைக்கே கூசாம உள்ளதைத்தான் சொல்வாரு."

நானும் சிரித்தேன். நான்கு என்று எழுதினேன்.

மாலையில் அவரிடம் பேச்சு குறைந்திருந்தது. "நாலு போடுங்க. உங்களுக்கும் தொந்தரவு வேணாம்" என்றார். பேச்சு குறைந்தவருக்கு இந்தப் பாதிக் கழிவு பொருந்தாது என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் ஒருவருக்கு ஒரே அளவுகோல் என்பதில் நான் கண்டிப்பானவள். இரண்டு என்று எழுதினேன். மருத்துவர் வரிசையைப் பார்த்தார்: ஐந்து, நான்கு, இரண்டு. "நல்லா இறங்கிட்டு வருதே" என்று ஸ்கேனை ரத்து செய்தார்; அதுவரை பட்டினியாக வைத்திருந்தவருக்குக் காலையில் திரவ உணவு தொடங்கச் சொன்னார்.

மறுநாள் காலை அவர் உடலைத் துடைத்துவிடும்போது விலாவுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. கணையம் அழுகி உள்ளுக்குள் இரத்தம் கசிந்தால் அந்த இடத்தில் அந்த நிறம் வரும். புதிதாகச் சேரும் செவிலியருக்கு ஆண்டுதோறும் அதைப் படம் காட்டிக் கற்பிப்பவள் நான்.

மருத்துவர் நான்கு கட்டில் தள்ளி நின்றிருந்தார். கூப்பிட்டால் வந்திருப்பார். வந்தால், இரண்டு எப்படி நீலமானது என்றும் கேட்டிருப்பார். நான் போர்வையை மார்பு வரை இழுத்துவிட்டேன். வலி எத்தனை என்று கேட்டேன். அவர் வாய் திறக்கவில்லை. இரண்டு விரலை மட்டும் தூக்கினார். ஒன்று என்று எழுதி, கஞ்சிக் குவளையை அவர் உதட்டில் வைத்தேன். பத்தரை மணிக்கு இறந்தார்.

வேலைச்சுமையில் கவனிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்று சகஊழியர்கள் சொல்கிறார்கள். அது பொய். பார்த்தேன், புரிந்தது, மூடினேன்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் மனைவி என்னிடம் வந்து, "ரொம்பக் கஷ்டப்படாமத்தானே போனாரு, சிஸ்டர்?" என்று கேட்டார். பதிவேட்டைத் திறந்து கடைசி எண்ணைக் காட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றி சொல்லி அழுதார். துயரத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்ற வகுப்பில் இனி இந்த நிகழ்ச்சியைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.