கால் சுரம்

உங்கள் மகளுக்கு வாங்குவதென்றால் அவசரப்படாதீர்கள், சார். பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்கிறீர்கள். போதும். நான் எடுத்துக்கொண்டது மூன்று மாதம்.

போனில் நீங்கள் காட்டிய அதே சிந்தசைசர்தான் என்னிடமும் இருக்கிறது. இரண்டு செங்கலை நீளவாக்கில் வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான் அளவு. இருபத்தைந்து சின்னக் கட்டைகள், முப்பத்தொரு குமிழ்கள். உள்ளே கணினி கிடையாது. மின்சாரமே நேரடியாகச் சத்தமாகிறது. அதற்குப் பெயர்தான் அனலாக்.

உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. மச்சான் நேற்று மதியத்திலிருந்து வீடு திரும்பவில்லை. அக்கா ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவரைக் கடைசியாகப் பார்த்தவன் நான் என்பதால் என்னை உள்ளே கூப்பிட்டீர்கள். "எதையும் விடாம மொதல்லேந்து சொல்லு" என்றீர்கள். இதுதான் சார் முதல்.

முதலில் போனிலேயே ஒரு செயலியை இறக்கிப் பார்த்தேன். இலவசம். ஆனால் நீங்கள் ஒரு கனமான கீழ்ச் சுரத்தை அழுத்தி, அது அறையெல்லாம் பரவிக்கொண்டிருக்கும்போது அதே போனில் அக்கா கூப்பிட்டு, வீட்டுக்கு வரும்போது பால் வாங்கி வரச் சொல்வாள். அதோடு அந்தச் சுரம் முடிந்தது.

அடுத்தது டிஜிட்டல் கீபோர்டு. அறுநூறு ஒலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். நிலவொளி, கனவுக் கடல், தேவதையின் மூச்சு. எல்லாமே பெரிய ஓட்டல் லிஃப்டில் கேட்கிற மாதிரி இருந்தன. இதை வீட்டில் சொன்னபோது மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"என் லிஃப்ட்ல பாட்டே கெடையாது மாப்ளே. ஏர்றவன் போன்ல சொல்ற பொய்யே போதும், எட்டாவது மாடி வரைக்கும் பொழுது போயிரும்" என்றார்.

மூன்றாவதாக, கச்சேரிக் குழு ஒன்றில் வாசித்து ஓய்ந்த ஒருவர் தன் பழைய அனலாக் சிந்தசைசரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். சோபா அளவு. தூக்க நாலு பேர் வேண்டும். "ஏழு கட்ட செத்துப்போச்சு தம்பி. ஆனா மிச்சமெல்லாம் உசுரோட இருக்கு" என்றார், ஏதோ விபத்தைப் பற்றிச் சொல்வதுபோல.

தனித்தனித் துண்டுகளாக வாங்கி ஒயர் மாட்டிச் சேர்த்துக்கொள்ளும் வகையும் உண்டு. இணையத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஆறு வருடமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒரு பாட்டு வாசிக்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறார். உங்கள் மகளுக்கு வேண்டாம்.

இப்படி நான் தினமும் சாப்பாட்டு மேசையில் பட்டியல் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து மச்சான் ஒருநாள், "ஒங்கக்காவக் கட்டிக்கறதுக்கே நான் இவ்ளோ யோசிக்கல மாப்ளே" என்றார்.

"அதான் பாத்தாலே தெரியுதே" என்றாள் அக்கா, தட்டைக் கழுவிக்கொண்டே.

கடைசியில் இந்தச் சின்னதை நான் எடுத்ததற்குக் காரணம், எல்லோரும் குறையாகச் சொல்வதுதான். இதற்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு ஒலியைக் கண்டுபிடித்தால் அதைச் சேமித்து வைக்க முடியாது. முப்பத்தொரு குமிழ்களும் அந்த நிமிடம் எப்படி நிற்கின்றனவோ அதுதான் அந்த ஒலி. ஒரு குமிழ் மயிரிழை நகர்ந்தாலும் அது போய்விடும். கடைக்காரப் பையன், "போட்டோ எடுத்து வெச்சுக்குங்க சார், எல்லாரும் அதான் பண்றாங்க" என்றான். எடுத்தேன். ஆனால் போட்டோவில் மயிரிழை தெரியாது.

வீட்டில் வாசிக்க வழியில்லை. எதிரே வெல்டிங் கடை, பக்கத்து அறையில் மச்சானின் குறட்டை. நான் எங்கே வேலை செய்கிறேன் என்று குறித்துக்கொண்டீர்கள் அல்லவா? காது பரிசோதனை நிலையம். டாக்டரம்மா தன் மகளின் பிரசவத்துக்காகப் பத்து நாள் வெளியூர் போயிருக்கிறார். "செடிக்கு மட்டும் தண்ணி ஊத்திடுப்பா" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அங்கே சத்தம் புகாத பூத் ஒன்று இருக்கிறது. அம்மாவும் குழந்தையும் சேர்ந்து உட்காரும் அளவு. உலகத்திலேயே நான் அறிந்த நல்ல இடம் அதுதான்.

என் வேலை சுலபமானது. பூத்துக்குள் ஆளை உட்கார வைத்து ஹெட்போன் மாட்டிக் கதவைச் சாத்துவேன். வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். மெல்லிய சத்தங்களை அனுப்புவேன். கேட்டால் ஒரு கையைத் தூக்க வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். சில பெரியவர்கள் என் முகத்தைப் பார்த்தே கையைத் தூக்கிவிடுவார்கள். தோற்க யாருக்கும் பிடிப்பதில்லை. அதனால் நான் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். இப்போதும் அப்படித்தான் இருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

பூத்தில் சில திருத்தங்கள் தேவைப்பட்டன. காற்று வரும் குழாயின் விசிறி 'ம்' என்று ஒரு முனகல் போடும். நிறுத்தினேன். நிறுத்திய பிறகு தெருச் சத்தம் அந்தக் குழாய் வழியாக இறங்கியது. ஸ்பாஞ்சு அடைத்து டேப் ஒட்டினேன். பிறகு கதவின் உள்பக்கக் கைப்பிடி. கீழ்ச் சுரங்களுக்கு அது தகரம்போல அதிர்ந்தது. நாலே திருகாணிதான். கழற்றி மேசை டிராயரில் வைத்திருக்கிறேன், டாக்டரம்மா வருவதற்குள் மாட்டிவிடலாம் என்று. வெளிக் கைப்பிடி நன்றாக இருக்கிறது. நான் உள்ளே இருக்கும்போது கதவைக் கொஞ்சம் ஒருக்களித்து வைத்துக்கொள்வேன். முட்டாள் இல்லை நான்.

எட்டாம் நாள் அந்த ஒலி கிடைத்தது. எப்படிச் சொல்வது? நான் போயிராத ஏதோ ஒரு பனி பெய்யும் ஊரில், நெடுந்தூரம் நடந்து வந்த ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து, நனைந்த கோட்டைக் கழற்றி மாட்டுகிறார். வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை. அப்படியொரு ஒலி. அன்று முழுக்க ஒரே கட்டையை அழுத்திக்கொண்டிருந்தேன். சிந்தசைசரை அணைக்காமல் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை, அதாவது நேற்று, அது அப்படியே இருந்தது.

பதினொன்றரைக்கு மச்சான் வந்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு லிஃப்ட் வேலை, நடந்தே வந்தார். கையில் சாப்பாட்டுப் பாத்திரம்.

"ஒங்கக்கா குடுத்தனுப்பினா. நீ திங்கலன்னா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாளாம். எனக்கோசரம் ரெண்டு வாய் தின்னுடு மாப்ளே."

அந்த நேரம் பார்த்து முன்னறையில் போன் அடித்தது. டாக்டரம்மா. ஒவ்வொரு செடியாக விசாரித்தார். பத்து நிமிடம் ஆனது. திரும்பி வந்தால் மச்சான் பூத்துக்குள், கதவை ஒருக்களித்துக்கொண்டு, சிந்தசைசர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்னா அமைதிடா உள்ள. கல்யாணத்துக்கு முன்னால கேட்டது" என்றார்.

நான் அந்தக் கட்டையை அழுத்தினேன். ஒலி இறங்கியிருந்தது. கால் சுரம். உங்களுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியாது. ஆனால் கோட்டு மாட்டிய ஆள் அந்த வீட்டைவிட்டுப் போய்விட்டார்.

"குமிழத் தொட்டீங்களா மச்சான்?"

"தொடல."

"லேசா?"

"லேசாக்கூடத் தொடலடா. ஸ்கூல் புள்ள மாதிரி கையக் கட்டிட்டு உக்காந்திருந்தேன்."

போட்டோவை எடுத்து ஒவ்வொரு குமிழாக ஒத்துப் பார்த்தேன். முப்பத்தொன்றும் அதே இடத்தில் இருந்தன. திருப்பிவிட்டு, பயந்துபோய், அச்சு அசலாகத் திரும்ப வைத்திருக்கிறார். அவ்வளவு கவனமாக வைத்ததிலிருந்தே தப்பு யாருடையது என்று தெரிகிறது அல்லவா? உங்கள் அனுபவத்தில் இதையெல்லாம் நிறையப் பார்த்திருப்பீர்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. கலைத்தவர் சரிசெய்து தர வேண்டும், அவ்வளவுதான்.

"சரி, நீங்களே கண்டுபிடிச்சுக் குடுங்க. கெடச்சதும் ஒரு கையத் தூக்குங்க" என்றேன்.

"பனிஷ்மென்ட்டா? ஓகே டீச்சர்" என்று சிரித்தார்.

கதவை முழுதாகச் சாத்திக் கைப்பிடியை இறக்கினேன். சிந்தசைசரின் ஒயர் சுவர் வழியாக வெளியே வருகிறது. ஹெட்போனில் அவர் வாசிப்பதெல்லாம் எனக்குக் கேட்கும். அவர் பேசுவது கேட்காது.

முதல் கால் மணி நேரம் அவர் விளையாடினார். மாடு கத்துவதுபோல ஒன்று செய்தார். பிறகு போலீஸ் வண்டி, மன்னிக்கவும். நடுநடுவே கையைத் தூக்கினார். ஒவ்வொன்றையும் முழுதாகக் கேட்டுவிட்டு, இல்லை என்று விரலை அசைத்தேன். பதினோரு தடவை. பன்னிரண்டாம் தடவை அவர் எழுந்து கதவில் கைப்பிடியைத் தேடினார். நாலு ஓட்டைகளைத் தடவிப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தூக்கினார்.

இரண்டு கை தூக்கினால் என்ன பொருள் என்பதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை, சார்.

கண்ணாடியைத் தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த பூத்தைச் செய்தவர்கள் நேர்மையானவர்கள். வாயைப் பெரிதாகத் திறந்து ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நாள் முழுக்கக் காது கேளாதவர்களோடு இருப்பவன் நான், எனக்கு உதடு படிக்கத் தெரியும். "தொட்டேன், தொட்டேன்" என்றார். அதுவரை எனக்கு இருந்த துளி சந்தேகமும் போய்விட்டது. "தொறடா" என்றிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் குவியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் முகம் தப்பை ஒத்துக்கொள்கிறவரின் முகமாகத்தான் இருந்தது.

அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அவர் போனில் சொல்வதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "பதறாதீங்க. தரையில உக்காருங்க. யாரும் பேசாதீங்க, காத்து மிச்சமாகும். நான் வந்துட்டேயிருக்கேன்." அதையே கடைப்பிடித்தார். தொழிலில் சுத்தமான மனிதர். நான் அவரைக் குறை சொன்னதே இல்லை.

இரண்டு மணிக்கு அக்கா போன் செய்தாள்.

"சாப்ட்டியாடா?"

"சாப்ட்டேன்கா. நல்லா இருந்துச்சு."

"அவரு எங்க? போன எடுக்கவே மாட்டேங்கறாரு."

"வேலையா இருக்கார்க்கா."

அது பொய் இல்லை. அவருடைய போன் முன்னறை மேசையில், சாப்பாட்டுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அடிக்கும்போதெல்லாம் மேசை அதிர்ந்தது. அதைத் துண்டில் சுற்றி வைத்தேன். ஐந்து மணிக்குச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டி, போகிற வழியில் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அக்கா நேற்று சாப்பிடவில்லை. நான் எவ்வளவோ சொன்னேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். என்ன கேட்டீர்கள்? பிறகு எப்போது திறந்தேன் என்றா?

திறக்கவில்லை, சார். அவர் இன்னும் சரியான ஒலியைக் கொடுக்கவில்லையே.

கத்த வேண்டாம், எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. இதோ சாவி. பெரியது ஷட்டருக்கு, சின்னது உள்கதவுக்கு. பூத்துக்குப் பூட்டு இல்லை, கைப்பிடியைத் தூக்கினால் போதும். குழாயை அடைத்தால் உள்ளே ஓர் ஆளுக்கு ஒரு நாள் காற்று இருக்கும் என்று பூத்தை மாட்ட வந்தவர் சொன்னார். உங்கள் கடிகாரப்படி இருபத்திரண்டு மணி நேரம்தான் ஆகிறது. நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை என்பதை எழுதிக்கொண்டீர்களா?

மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறீர்கள். அக்காவும் பின்னாலேயே ஓடுகிறாள். ஒருவர் மட்டும் உள்ளே போனால் போதும் சார், மற்றவர்கள் வாசலில் நிற்கட்டும். உங்கள் மகளுக்கு வாங்கும்போதும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடையிலேயே சொல்லித்தான் கொடுத்தார்கள். அனலாக்குக்குச் சூடு ஆகாது. அந்தச் சின்ன அறையில் புதிதாக ஓர் ஆள் வந்து பத்து நிமிடம் உட்கார்ந்தாலே உடம்புச் சூட்டுக்குக் கால் சுரம் இறங்கிவிடும். யாரும் எதையும் தொடக்கூட வேண்டாம்.