ஒரே வீட்டில் இரண்டு பால்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த வீட்டு புரோக்கர் பக்கத்தில் இருந்த வீட்டுக்கார அம்மாளிடம் மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு குடும்பமும் உங்க வீட்லயே பால் காய்ச்சிட்டாங்கக்கா. ரெண்டு பாலும் நல்லா பொங்கிச்சாம்."

"ஒரு வீட்டுக்கு எப்டிய்யா ரெண்டு பேரு குடி வருவாங்க?"

"மொத பார்ட்டி சாவிய வாங்கிக்கினு, ஆடியில வரமாட்டோம்னாங்க. நழுவுறாங்கன்னு நெனச்சு இன்னொரு சாவிய வேற பார்ட்டிக்குக் குடுத்தேன். அவங்களும் ஆடி போவட்டும்னுட்டாங்க. இன்னிக்கு ஒரே முகூர்த்தத்துல வந்துட்டாங்க."

"மொத பார்ட்டிக்கு ஒரு போன் போட்டுக் கேக்கறதுக்கு என்னா?"

"கோச்சுக்குவாங்களோன்னுதாங்க்கா..."

பின் சீட்டில் இருந்த நானும் வாடகை வீட்டில் இருப்பவன். சட்டைப்பையில் வீட்டுச் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"வாசல்ல ரெண்டு வண்டி சாமானு நிக்குது. ரெண்டாவதா வந்தவங்ககிட்ட கைக்கொழந்தை வேற. யாரப் போவச் சொல்றதுக்கா?"

"நீ மொதல்ல யாருக்கு வாக்கு குடுத்தியோ அவங்களுக்குத்தான் வீடு. கொழந்தைக்காரங்கள தெருவுல உட்டுடுவியா? உன் வீட்டு மாடி சும்மாதானே கெடக்குது?"

"அது எங்க மாமனார் வந்தா தங்கறதுக்குங்க்கா."

"எப்ப வர்றாரு?"

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் புரோக்கர் மனைவிக்குப் போன் போட்டார்.

"மாடிய ஜல்தியா பெருக்கி வை. கைக்கொழந்தையோட ஒரு குடும்பம் வருது... உங்கப்பாவா? அவரு எங்க இப்ப வரப்போறாரு?"

அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

"யோவ், மொதல்ல மாமனாருக்கு ஒரு போனப் போட்டுக் கேளு!"